விரட்டியதற்குக் கட்டம் இல்லை

இந்த நாற்காலி ஆடுகிறது, அம்மா. பின்கால் ஒன்று குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் போதும். ஆனால் ஆபீஸ்களில் அதைச் செய்ய ஒருத்தருக்கும் கை வராது. பரவாயில்லை, நான் சமாளித்துக்கொள்கிறேன்.

கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். அந்த நர்ஸம்மா கரடி அடித்துச் செத்தது விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நான் முன்பு சொன்னதன் அடியில் ஒரு கையெழுத்து, பத்து நிமிஷ வேலை என்று வாசலில் இருந்த ஆள் சொன்னான். அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதில் இருப்பது பொய். நான் சொன்ன பொய்யைத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்கள் மேல் குற்றமில்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மலைப்பாதை வருஷத்தில் ஏழு மாதம்தான் திறந்திருக்கும். அந்த ஏழு மாதத்துக்கு மட்டும் வனப் பூங்காவில் ஆள் எடுப்பார்கள். பருவக் காவல் என்று பெயர். பத்தொன்பது வருஷமாக நான். பன்னிரண்டு வருஷமாக என்னோடு இன்னொருத்தன். அவன் வாயை மூடமாட்டான், தூக்கத்திலும் பேசுவான், அதனால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. இரண்டு பேருக்கும் ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு அடுப்பு.

கரடியை மனுஷனிடமிருந்தும், மனுஷனைக் கரடியிடமிருந்தும் தள்ளி வைப்பதுதான் வேலை. கரடி சொன்னால் கேட்கும். மனுஷன்தான் கேட்கமாட்டான். காரை நடுப்பாதையில் நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கரடிக்குக் காட்டுவான். ஒருத்தன் பெண்டாட்டியைக் கரடிக்குப் பத்தடி தள்ளி நிறுத்திப் படம் எடுத்தான். "இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்றான். நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் என்னைத்தான் திட்டினாள். அன்றைக்கு ரேடியோ சொன்னான்: "நீங்க ஏண்ணே குறுக்க போனீங்க? அந்தாளுக்கு எத்தனை நாள் ஆசையோ."

வாசலில் டிக்கெட் கிழிக்கும்போது ஒவ்வொருத்தரிடமும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். சாப்பாட்டை விரித்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கரடி வந்தால் ஓடாதீர்கள். பையைப் பிடித்தால் விட்டுவிடுங்கள். இந்த மூன்றாவதுதான் உயிர். கரடிக்குப் பை வேண்டும், ஆள் வேண்டாம். விட்டுவிட்டால் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இழுத்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வந்தால் முந்நூறு தடவை இதைச் சொல்வேன். தொண்டை கட்டிப்போனால் ரேடியோ சொல்வான்.

பிறகு விரட்டுவது. மரத்தடியில் பத்துப் பதினைந்து மேஜை போட்டிருக்கிறார்கள், சனங்கள் உட்கார்ந்து சாப்பிட. கரடி அங்கே காலையிலிருந்து எட்டிப் பார்க்கும். கைதட்டுவோம். தகரத்தைத் தட்டுவோம். அதற்கும் போகாவிட்டால் வெடி. கையால் வீசுகிற வெடி, மண்ணில் பட்டதும் டப்பென்று வெடிக்கும், ஒரு காயமும் படாது, ஆனால் கரடி ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்டாது. ஒரு நாளில் ஏழெட்டுத் தடவைகூட விரட்டியிருக்கிறோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது தெரியாது. மரத்துக்குப் பின்னால் யாரோ கைதட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இனி காகிதத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதில் மூன்று கட்டம். பார்த்தது. பொருள் சேதம். ஆள் சேதம். விரட்டியதற்குக் கட்டம் இல்லை. நான் மூன்றாவது வகுப்போடு நின்றவன். எழுதுவது எனக்கு விறகு பிளப்பதைவிடக் கஷ்டம். முதல் வருஷம் ஒரு நாள் 'கரடி பார்த்தது ஆறு' என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா கூப்பிட்டு விட்டான். ஆறும் ஒரே கரடியா, ஆறு கரடியா, எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பக்கம் போனது, குட்டி இருந்ததா என்று அரை நாள் நிற்க வைத்துக் கேள்வி. மறுநாளிலிருந்து மூன்று கட்டத்துக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். கோடு போட்டால் யாரும் கூப்பிடுவதில்லை. ரேடியோ வந்த பிறகு அவனுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அவனுக்குப் பேச்சுத்தான் வரும், எழுத்து என்னைவிட மோசம்.

பத்தொன்பது வருஷம் கோடு.

போன வருஷம் ஒரு புது அதிகாரி வந்தார். என்னைத் 'தாத்தா' என்று கூப்பிடுவார். அவருடைய பாட்டியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வந்த மூன்றாம் வாரம் பழைய தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பாருங்க தாத்தா, இங்க ஒண்ணுமே நடக்கலையே. பத்தொன்பது வருஷத்துல ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் எதுக்கு ரெண்டு ஆளு?"

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிட்டதே நாங்கதானுங்களே" என்றேன்.

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தாளைப் புரட்டித் தேடினார்.

அடுத்த பருவத்திலிருந்து பருவக் காவல் கிடையாது என்றார். மரத்தில் கேமரா. வாசலில் ஒரு பெட்டி, அந்த மூன்று விஷயத்தையும் அதுவே சொல்லும். வெளியே வந்ததும் ரேடியோ, "பெட்டிக்குப் பதிலா என்னை வெச்சுக்கச் சொல்லுங்கண்ணே, எனக்குக் கரண்டுகூட வேண்டாம்" என்றான். சிரித்தான். அறைக்குப் போனதும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

நான் படுக்கவில்லை. பாதை மூடியிருக்கிற ஐந்து மாதம் நான் மகன் வீட்டில் இருப்பேன், அம்மா. அடுக்குமாடியில் நாலாவது மாடி. டிவி இருக்கிற அறையில் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு படுக்க வேண்டும். மருமகள் நல்லவள். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. நான் குளித்துவிட்டு வந்தால் உள்ளே போய்த் தரையைத் துடைப்பாள், நான் பார்க்காதபோது. மகன் என்னோடு பேசுகிறபோது கடிகாரத்தைப் பார்ப்பான். ஐந்து மாதம் என்று தெரிந்துதான் அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள், நானும் பொறுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு மாதம் என்றால் யாராலும் முடியாது. எனக்கு அந்த மலையில் ஒரு கட்டில் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் நேர்வழியில்தான் போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து தாளை நிரப்பினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். காலை இத்தனை, மதியம் இத்தனை, விரட்டியது இத்தனை என்று ஓரத்தில்கூட எழுதினேன். ஒரு வாரம் கழித்துக் குமாஸ்தா என்ன சொன்னான் தெரியுமா?

"என்ன பெருசு, வேலை போகுதுன்னதும் காட்டுல இருக்கிற கரடியெல்லாம் உனக்காக வரிசைகட்டி வருதா?"

பக்கத்து மேஜைக்காரனும் சிரித்தான். பத்தொன்பது வருஷம் நான் கோடு போட்டது பொய். அதை நம்பினார்கள். இது நிஜம். இதை நம்பவில்லை. அன்றைக்கே எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அதன் பிறகு நான் எதையும் புதிதாகச் செய்யவில்லை, அம்மா. செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன். ஒரு கரடி இருந்தது. வயசுப் பையன், இடது காது கிழிந்திருக்கும். வரும், சாப்பிடும், யாரையும் முகம் கொடுத்துப் பார்க்காமல் போய்விடும், அதனால் ரேடியோ அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தான். நான் மாப்பிள்ளையை விரட்டுவதை விட்டேன். அது மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தது. கைதட்டவில்லை. இரண்டடி முன்னால் வந்தது. தகரம் தட்டவில்லை. குப்பைத் தொட்டிக்கு ஒரு கொக்கி உண்டு, கரடியால் திறக்க முடியாத கொக்கி. சாயங்காலம் அதை மாட்டாமல் விட்டேன். பத்து நாளில் மாப்பிள்ளைக்கு மேஜைகளுக்கு நடுவில் நடக்கும் பழக்கம் வந்துவிட்டது. ரேடியோ இருக்கும்போது வந்தால் அவன் விரட்டிவிடுவான், அதனால் அவனை மேல் பாதையில் வழிகாட்டிப் பலகை சரி செய்ய அனுப்பிவைப்பேன். அந்தப் பருவத்தில் பலகைகள் எல்லாம் புதிது மாதிரி இருந்தன.

பிறகு ஒரு கூட்டம் வந்தது. இளவட்டம், ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை நேராக வந்து ஒரு பையைப் பிடித்தது. அவர்கள் விட்டுவிட்டார்கள். வாசலில் நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருந்தது அவர்களுக்கு. பையைத் தூக்கிக்கொண்டு போகிற கரடியைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். நான் தாளில் இரண்டாவது கட்டத்தில் எழுதினேன்: பை ஒன்று.

என்ன ஆயிற்று? கரடியைப் பார்க்க மறுவாரம் இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. புது அதிகாரி என் தோளைத் தட்டினார். "நல்லதாப் போச்சு தாத்தா" என்றார். நான் குமாஸ்தாவிடம் போய், இப்போதாவது மேலே எழுதிக் கேட்கக்கூடாதா, ஆள் இல்லாமல் எப்படி முடியும் என்றேன்.

"பை போனதுக்கெல்லாம் ஆள் போடமாட்டாங்க பெருசு. பொருள் சேதம் இந்த ரூமைத் தாண்டாது. மூணாவது கட்டத்துல ஏதாவது இருந்தாத்தான் மேல போகும்."

அவன் என்னை எதற்கும் தூண்டவில்லை. அவனுக்குத் தெரிந்த விதியைச் சொன்னான். கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். வருகிற வழியெல்லாம் யோசித்தேன். ஒரு சின்னக் கீறல். முழங்கைக்குக் கீழே. நாலு தையல், ஒரு ஊசி. பட்டவர் வீட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் சொல்லிச் சிரிக்கிற மாதிரி ஒரு கதை. இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் கேமராவும் பெட்டியும் வந்துவிட்டால் எத்தனை பேர் சாவார்கள், அதோடு வைத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் நான் செய்ய நினைத்தது ஒரு விதத்தில் என் வேலையைத்தான்.

அந்த நர்ஸம்மா புதன்கிழமை வந்தார். கூட்டம் இல்லாத நாள். காலை பஸ்ஸில் தனியாக வந்தார். தடிமனான கம்பளிச் சட்டை, துணிப்பை, ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து நடை. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நின்றபடியே வேலை, இப்போதுதான் ஓய்வு, முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு நாள் கிளம்பி வந்தேன் என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். என் கையில் ஒரு பழைய கொப்புளம் இருந்தது, அதைப் பார்த்துவிட்டு, "இதைக் குத்தி விடாதீங்க ஐயா, தானா அடங்கட்டும்" என்றார்.

டிக்கெட்டைக் கிழித்தேன். சாப்பாட்டை விரித்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள் என்றேன்.

"கரடி நிஜமாவே வருமா?" என்று கேட்டார்.

"எப்பவாவது வரும்மா."

"வந்தா என்ன செய்யணும்?"

"ஓடாதீங்க. அசையாம இருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

மூன்றாவதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் விட்டுவிடுவார், அது தெரிந்த விஷயம். சொன்னதைக் கேட்கிற முகம் அது. விட்டுவிட்டால் மறுபடியும் பை ஒன்று.

கால் வலிக்காமல் உட்கார எந்த இடம் நல்லது என்று கேட்டார். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மேஜையைக் காட்டினேன். ரேடியோவைப் பலகை சரி செய்ய மேலே அனுப்பினேன். அன்றைக்கு அவன், "அந்தப் பலகையை நேத்துதாண்ணே சரி பண்ணேன், அதுக்கு என்ன, என்னைப் பாக்காம ஏங்கிப்போச்சா?" என்று கேட்டான். மறுபடி பார் என்றேன். போனான். பன்னிரண்டு வருஷத்தில் நான் சொல்லி அவன் போகாத இடமில்லை.

மாப்பிள்ளை பதினொரு மணிக்கு வந்தது. நான் இருபதடி தள்ளி மரத்தோரம் நின்றேன், வெடி கையில். அது வழக்கம்போல யாரையும் பார்க்காமல் வந்து பையைப் பிடித்தது. அந்த அம்மா ஓடவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னபடியே இருந்தார். ஆனால் பையின் காதை விடவில்லை. விடச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லையே. கரடி இழுத்தது, அவரும் இழுத்தார். பிறகு அது கையை ஓங்கியது.

நான் வெடியை வீசினேன். அது ஓடிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாவுக்குக் கழுத்தில் பட்டிருந்தது. அவரே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், வேலை தெரிந்தவர் அல்லவா. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. பையைத் திறந்து பார்த்தார்கள். மருந்துப் பெட்டி, ஒரு சால்வை, வீட்டுச் சாவி. இதற்காகவா என்று எனக்கு இருந்தது.

மறுநாள் துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை எங்கே இருக்கும் என்று நான்தான் காட்டினேன். ஆளைக் கண்டதும் அது ஓடவில்லை. கிட்டே வந்தது. அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது அது.

விசாரணையில் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: மேஜைப் பக்கம் நிற்க வேண்டிய ரேடியோ எங்கே போனான்? அண்ணன்தான் மேலே அனுப்பினார் என்று அவன் சொன்னான். நான் அனுப்பவில்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? பலகை முந்தின நாளே சரியாக இருந்ததை நீங்களே போய்ப் பார்த்து எழுதினீர்கள். அவனை வேலையை விட்டு எடுத்தார்கள். அவன் என்னிடம் சண்டை போடுவான், வாய்க்கு வந்தபடி பேசுவான் என்று காத்திருந்தேன். கட்டிலைச் சுற்றி இருந்த சாமானைப் பையில் போட்டான். என்னை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் பேசாமல் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தங்கை மகள் கதவைத் திறந்தாள். "மாமா இப்ப யார்கிட்டயும் பேசறதில்லை, நீங்க கூப்பிட்டுப் பாருங்க ஐயா" என்றாள். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எதிரில் உட்கார்ந்தேன். நானும் பேசினவன் இல்லை, எப்போதும் அவன்தான் பேசுவான். ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கேமரா கிடையாது. பருவக் காவல் நாலு பேர். நான் அவர்களுக்குத் தலைமை. அறை முழுக்க எனக்கே. இரண்டாவது கட்டிலை எடுத்துப் போகச் சொன்னேன், யாரும் எடுக்கவில்லை. மலையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன். ரேடியோ மேல் குற்றமில்லை என்று எழுதுங்கள். அவனைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அலுத்துவிட்டது, அம்மா. வேறொன்றுமில்லை.

நீங்கள் அந்த டாக்டர் காகிதத்தைப் பார்க்கிறீர்கள். அதில் இரண்டு காயம் இருக்கும். முதலில் கையில், பிறகு கழுத்தில். நடுவில் ஒரு நிமிஷமாவது இருந்திருக்கும் என்று போட்டிருக்கிறார்கள், சரிதானே? கீறல் போதும் என்றவன் கீறல் விழுந்ததும் ஏன் வீசவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானே என்னிடம் கேட்டுக்கொண்டதுதான்.

அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அம்மா. முதல் அடி முழங்கைக்குக் கீழேதான் பட்டது, நான் நினைத்த இடத்திலேயே. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஐயா" என்று கூப்பிட்டார், சத்தமாக இல்லை, ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி. வீசியிருந்தால் கையில் ஒரு கட்டோடு சாயங்கால பஸ்ஸில் போயிருப்பார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளி தடிமன். கிழிந்து தொங்கியது, ஆனால் ரத்தம் வெளியே தெரியவில்லை. அந்தக் குமாஸ்தாவை உங்களுக்குத் தெரியாது. சட்டை ஒன்று என்று இரண்டாவது கட்டத்தில் எழுதிவிடுவான்.